எல்லா முதுகுவலியும் டிஸ்க் அல்ல

கோத்தகிரியிலோ குன்னூரிலோ யாரிடம் வேண்டுமானாலும் முதுகுவலி என்று சொல்லிப் பாருங்கள். "டிஸ்க்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கொழுந்து மூட்டை சுமந்தவர், கேரட் லோடு ஏற்றியவர், கொண்டை ஊசி வளைவுகளில் வருடக்கணக்கில் பஸ் ஓட்டியவர் என்று இந்த மலையில் முதுகு தேயாத ஆள் குறைவு. அதனால் எந்த வலி வந்தாலும் டிஸ்க் கணக்கில் எழுதிவிடுவோம். பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவும் இருந்துவிடும்.

என் சித்தி விஷயத்தில் சரியாக இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் மூன்று வாரம் விடாத காய்ச்சல், தலைவலி, வாந்தி. கோவைக்குக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல், அதுவும் காசநோயால் வந்தது என்றார்கள். டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள், ஆள் தெளிந்து வீடு திரும்பினார். நான்காவது மாதம் கால் கனக்க ஆரம்பித்தது. "மழையில நனைஞ்ச படங்கு கால்ல ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு கண்ணு" என்றார். படங்கு என்பது கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கு. நனைந்துவிட்டால் அதன் கனமும் சில்லிப்பும் அதைக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் டிஸ்க் என்றார்கள். பெல்ட், படுக்கை, வலி ஊசி. இரண்டு மாதம் அப்படியே போனது. முன்பு மூளைக்காய்ச்சல் வந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அது தலையில் வந்த நோய், இது முதுகில் வந்த வலி, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டோம். நான் குன்னூரில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவன், எனக்கே தோன்றவில்லை. அப்புறம் வேறொரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி உங்களுக்கு மூளைக்காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?"

அன்று கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர்தான் அரக்னாய்டிடிஸ். தமிழில் தண்டுவடச் சிலந்திச்சவ்வு அழற்சி என்று சொல்லலாம். அதன் பிறகு தேடிப் படித்ததையும், டாக்டர்களைக் கேட்டுத் தெளிந்ததையும், கடையில் சீட்டுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்தச் சவ்வு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் சுற்றியிருக்கின்றன. வெளியே இருப்பது தடித்த தோல் மாதிரியான வன்சவ்வு. தண்டுவடத்தோடு ஒட்டியிருப்பது மென்சவ்வு. நடுவில் இருப்பது சிலந்திச்சவ்வு. உண்மையிலேயே சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் கொண்டது, அதனால்தான் கிரேக்க மொழியில் சிலந்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அரக்னாய்டு என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சவ்வுக்கும் மென்சவ்வுக்கும் இடையில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த நேரத்திலும் மொத்தம் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரந்து, பழையது உறிஞ்சப்பட்டுப் புதிதாகிக்கொண்டே இருக்கும்.

தண்டுவடம் இடுப்பின் அடிவரைக்கும் போவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றுக்கும் போகும் நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்கும். பார்க்கக் குதிரைவால் மாதிரி இருப்பதால் மருத்துவத்தில் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். எனக்கு என்னவோ பாயசத்துச் சேமியா ஞாபகம்தான் வருகிறது. பால் தளதளவென்று இருக்கும்வரை ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மிதக்கும். நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் நரம்பு வேர்கள் அப்படித்தான் நீருக்குள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. பாயசம் ஆறி இறுகினால் சேமியா என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிலந்திச்சவ்வு அழற்சியில் நடப்பது ஏறக்குறைய அதுதான்.

கொஞ்சம் விவரமாகச் சொன்னால், அந்த இடத்தில் எரிச்சல் தரும் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. கிருமியாக இருக்கலாம், ரத்தமாக இருக்கலாம், ரசாயனமாக இருக்கலாம். சவ்வும் நரம்பு வேர்களும் வீங்குகின்றன. பசை மாதிரி ஒரு புரதம் கசிந்து படிகிறது. உடம்பில் வேறு இடமாக இருந்தால் ரத்த ஓட்டத்தோடு வரும் நொதிகள் இந்தப் பசையைக் கரைத்துச் சுத்தம் செய்துவிடும். சிலந்திச்சவ்வுக்கு ரத்தக்குழாய் இல்லை என்றே சொல்லலாம், அதனால் இங்கே துப்புரவு சரியாக நடப்பதில்லை. தேங்கிய பசை தழும்பாக இறுகுகிறது. முதலில் நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, பிறகு சுவரோடு ஒட்டுகின்றன. நீரோட்டம் தடைப்படுகிறது. அந்த நீரிலிருந்தும் ஊட்டம் எடுத்துக்கொண்டிருந்த வேர்கள் பட்டினி கிடக்கின்றன. ரொம்ப முற்றிப்போன சிலருக்குத் தழும்பில் சுண்ணாம்பு படிந்து எலும்பு மாதிரியே ஆகிவிடுவதும் உண்டு.

சவ்வில் ஏற்படும் எரிச்சல் எல்லாம் இந்த நிலைக்குப் போவதில்லை. லேசாக வந்து ஆறிவிடுவதும் உண்டு. யாருக்கு முற்றும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை கிடையாது.

காரணங்களில் நம் நாட்டில் முதலில் பேச வேண்டியது காசநோயைத்தான். அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுரைகளைப் படித்தால் முதுகு அறுவைச் சிகிச்சையும் முதுகு ஊசிகளும்தான் முன்னால் நிற்கும், காசநோய் ஒரு வரியில் முடிந்துவிடும். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது நமக்கு அந்த வரிசை பொருந்தாது. காசநோய் மூளை உறையைத் தாக்கும்போது மூளையின் அடிப்பாகத்தில் கெட்டியான கசிவு படிகிறது. அந்தக் கசிவு தண்டுவடத்தைச் சுற்றிக் கீழேயும் இறங்கலாம். சிலருக்கு மூளைக்காய்ச்சலோடு சேர்ந்தே வரும். சிலருக்குத் தண்டுவடத்தில் மட்டும் வரும். இன்னும் சிலருக்கு, என் சித்திக்கு வந்த மாதிரி, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சில மாதம் கழித்து வரும்.

இந்த மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும். "மாத்திரை கேக்கல" என்று நினைத்து நிறுத்திவிடத் தோன்றும். நடப்பது வேறு. மருந்தால் கிருமி செத்து உடைகிறபோது, அந்தச் சிதைவின் மேல் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பாய்ந்து அழற்சியைக் கிளப்பிவிடும். அப்போது டாக்டர்கள் டி.பி. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள், அல்லது நாளை நீட்டிப்பார்கள். மருந்துக்கு மசியாத காசநோயா என்றும் ஒரு தடவை சரிபார்ப்பார்கள். நாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். "முதுகெலும்பு டி.பி." என்று ஊரில் சொல்வது வேறு. அது எலும்பையும் டிஸ்க்கையும் அரித்து, சில நேரம் கூன் விழ வைக்கும். சவ்வு அழற்சியில் எலும்பு நன்றாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று எழுதி வந்த சீட்டை நம்பி நாங்கள் நிம்மதியாக இருந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியாமலே.

மனிதர் கையால் வந்த காரணங்களுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் தண்டுவடத்தைப் படம் பிடிக்க, முதுகில் ஊசி குத்திச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். 1940-களிலிருந்து பல பத்தாண்டுகள் பயன்பட்ட சாயம் எண்ணெய் வகை. அமெரிக்காவில் பான்டோபேக், இங்கிலாந்தில் மயோடில் என்ற பெயர்களில் விற்றது. எண்ணெய் நீரில் கரையாது, உடம்பு அதை உறிஞ்ச ஒரு மில்லிக்கு ஒரு வருடம் போல ஆகும். உள்ளே தங்கிய சொட்டுகள் பலருக்குச் சவ்வை எரித்துத் தழும்பாக்கின. 1970-கள், 80-களில் நீரில் கரையும் சாயங்கள் வந்த பிறகு அது மெல்ல மறைந்தது. அந்தக் காலத்தில் "முதுகுல மருந்து ஏத்திப் படம் எடுத்தாங்க" என்று சொல்லும் வயதானவர்கள் வீட்டில் இருந்தால், அந்தத் தகவலை இப்போதைய டாக்டரிடம் சொல்லுங்கள். நாற்பது வருடம் கழித்தும் அதற்குப் பொருள் உண்டு.

இன்னொரு கதை சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 1947 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில், இரண்டு ஆண்களுக்குச் சின்ன அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இருவருக்கும் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. மருந்து இருந்த கண்ணாடிக் குப்பிகளைக் கிருமி நீக்க பீனால் கரைசலில் மூழ்க வைத்திருந்தார்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகப் பீனால் உள்ளே போய்விட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்படியொரு ஆபத்து இருப்பது 1947-இல் யாருக்கும் தெரியாது. 1954-இன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1947-ஐப் பார்க்கக் கூடாது என்று நீதிபதி டென்னிங் சொல்லி வழக்கைத் தள்ளினார். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பீனால் அல்ல, ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தைக் கழுவிய அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எதுவாக இருந்தாலும், அந்த இடத்துக்குள் தப்பித்தவறி ஒரு சொட்டுத் தவறான பொருள் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இதைப் படித்ததும் சிசேரியன் ஞாபகம் வந்து பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். கடை கவுண்டரில் வாரத்துக்கு ஒருவராவது சொல்வதுதான்: "குழந்தை பொறக்கும்போது முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலேர்ந்து இந்த வலி." அக்கா, அந்த ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கும், அவ்வளவுதான். பல வருடம் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணமில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிள்ளைப்பேறே இடுப்பைத் தளர்த்தும், அதன் பிறகு குழந்தையைத் தூக்குவதும் குனிந்து பாலூட்டுவதும் இருக்கிறது, தோட்டத்து வேலையும் இருக்கிறது. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் ஊசியும் சுத்தமான மருந்தும் வந்த காலத்தில், சிசேரியன் ஊசியால் சவ்வு அழற்சி வருவது மிக மிக அரிது. இந்தப் பயத்தில் யாரும் முழு மயக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

நான் கொஞ்சம் யோசிப்பது நாள்பட்ட முதுகுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றித்தான். அது வன்சவ்வுக்கு வெளியே போட வேண்டியது. ஊசி முனை தவறி உள்ளே போனால், மருந்து கெடாமல் இருக்கக் கலந்திருக்கும் பொருட்களும் சேர்ந்து சவ்வின்மேல் விழும். கைதேர்ந்தவர் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி போட்டால் ஆபத்து குறைவு, பலருக்குச் சில மாதம் நிம்மதியும் கிடைக்கிறது. ஆனால் வலி வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நல்லதல்ல. 2012-இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டுக் குப்பிகள் பல மாநிலங்களுக்குப் போய்விட்டன. 700-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு ஊசி போட்ட இடத்தில் சவ்வு அழற்சி தங்கிவிட்டது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதுகில் அறுவைச் சிகிச்சை, அதுவும் ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தக்கசிவு. மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ விழுந்த அடி. வேறு வகை மூளைக்காய்ச்சல்கள். எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாதவர்களும் உண்டு.

சரி, இந்த வலி எப்படி இருக்கும்? டிஸ்க் வலியில் பெரும்பாலும் ஒரே காலில் ஒரே கோடாக இழுக்கும். இதில் அந்தக் கோடு கலைந்துவிடும். இரண்டு காலிலும் எரியும், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. எறும்பு ஊர்வது மாதிரி, ஷாக் அடிப்பது மாதிரி, யாரோ காலில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி என்று வர்ணிப்பார்கள். சித்தி பல தடவை குனிந்து புடவை நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், காய்ந்துதான் இருக்கும். உட்கார்ந்தால் கூடும், ஒரே இடத்தில் நின்றாலும் கூடும். தசை துடிக்கும், பிடித்து இழுக்கும். நாள் போகப் போகக் கால் பலமிழக்கும். சிறுநீர் வர நேரமாகும், வந்தாலும் முழுசாக இறங்காது. தாம்பத்தியத்திலும் குறை வரும், அதை நம் ஊரில் யாரும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இவற்றில் அவசரம் என்று பார்க்க வேண்டியவை: சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, ஆசனவாய்ப் பக்கமும் தொடை நடுவிலும் மரத்துப்போவது, ஓரிரு நாளில் கால் தளர்ந்துபோவது. இதற்குக் காரணம் டிஸ்க்காக இருந்தாலும், சவ்வாக இருந்தாலும், கட்டியாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி பஸ் போய்விட்டது, காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால் எரிச்சல் என்றதும் எல்லாவற்றையும் இந்த நோய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சர்க்கரை நோயிலும் பி12 குறைவிலும் பாதம் எரியும். டி.பி. மாத்திரையில் உள்ள ஐசோநியாசிட் மருந்தே நரம்பைத் தொந்தரவு செய்து பாதத்தை எரிய வைக்கும், அதற்குத்தான் கூடவே பி6 மாத்திரை தருகிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையைச் "சத்து மாத்திரைதானே" என்று தூக்கிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க முதன்மையான கருவி எம்.ஆர்.ஐ. மல்லாந்து படுத்தால் நரம்பு வேர்கள் தம் கனத்தால் பின்பக்கமாக இறங்கிப் படிந்திருக்கும், அது இயல்பு. ஒட்டிக்கொண்ட வேர்கள் அப்படி இறங்காது. படத்தில் மூன்று விதமாகத் தெரியும் என்று 1990-இல் வகைப்படுத்தினார்கள். முதல் வகையில் வேர்கள் நடுவில் திரி மாதிரி திரண்டிருக்கும். இரண்டாவதில் எல்லாம் ஓரச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் வெறும் நீர் மட்டும் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் உள்ளே நரம்பே இல்லாத காலிப் பை மாதிரி இருக்கும். மூன்றாவதில் அந்த இடம் முழுக்கத் தழும்பு நிரம்பி நீரே தெரியாது. சந்தேகமாக இருந்தால் குப்புறப் படுக்க வைத்தும் ஒரு படம் எடுப்பதுண்டு, வேர்கள் நகர்கின்றனவா என்று பார்க்க. காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ரத்தக்குழாயில் சாய மருந்து ஏற்றி எடுப்பார்கள், அழற்சி உயிரோடு இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். முதுகுவலி என்றால் இடுப்புப் பகுதியை மட்டும் படம் எடுக்க எழுதிவிடுவது வழக்கம். காசநோய்ச் சவ்வு அழற்சி நெஞ்சு மட்டத்திலும் அடிக்கடி உட்காரும். சித்திக்கு அங்கேதான் கூடுதலாக இருந்தது. மூளைக்காய்ச்சல் வந்தவருக்குக் கால் பலமிழந்தால், முழு முதுகெலும்புக்கும் படம் தேவையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. ரிப்போர்ட் எழுதுகிற டாக்டருக்கும் பழைய கதை தெரிய வேண்டும். "இடுப்பு வலி" என்று மட்டும் சீட்டில் எழுதிப் போனால் அவர் டிஸ்க்கைத்தான் தேடுவார், நாற்பது வயதுக்கு மேல் பலர் முதுகில் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். தேடியது கிடைத்துவிட்டால் யார்தான் மேலே தேடப்போகிறார்கள்?

அடுத்து முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பது. நோய் முற்றிய இடத்துக்குக் கீழே எடுத்தால் புரதம் மிக அதிகமாக இருக்கும், நீர் மஞ்சளாக இருக்கும், சில சமயம் குழாயிலேயே உறைந்துவிடும். ஊசி குத்தியும் நீரே வராமல் போவதும் உண்டு. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் அந்த நீரில் செய்வார்கள். ஆனால் தண்டுவட நீரில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், அதில் இல்லை என்று வந்துவிட்டால் காசநோயே இல்லை என்று ஆகிவிடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. முடியாமல் போனால், நீரில் கரையும் சாயம் ஏற்றி சி.டி. எடுப்பார்கள்.

படத்துக்கும் வலிக்கும் எப்போதும் பொருத்தம் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். படத்தில் பயங்கரமாக ஒட்டியிருப்பவர் நடமாடிக்கொண்டிருப்பார், லேசாக ஒட்டியவர் தூங்க முடியாமல் தவிப்பார். "படத்துல பெருசா ஒண்ணுமில்ல, நீங்கதான் பெருசு பண்றீங்க" என்று ஒருவரிடம் சொல்வது அதனால்தான் அநியாயம்.

சிகிச்சையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் புரியும். ஒட்டுவதற்கு முன், ஒட்டிய பின். அழற்சி உயிரோடு இருக்கும்போது காரணத்தை அடிக்கலாம். காசநோயாக இருந்தால் நரம்பு மண்டலக் காசநோய்க்கு உரிய நீண்ட சிகிச்சை. நுரையீரலுக்கு ஆறு மாதம் என்றால் இதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். கூடவே ஸ்டீராய்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய், வங்கிக் கணக்குக்கே வரும். வரவில்லை என்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

ஒட்டி இறுகிய பிறகு அந்தத் தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. வேறு மாதிரி யாராவது சொன்னால், அது எண்ணெயாக இருந்தாலும் லேகியமாக இருந்தாலும் ஸ்டெம்செல்லாக இருந்தாலும், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சையில் பிரித்துவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். பிரிக்கலாம், ஆனால் பிரித்த இடமே புதுப் புண், அது ஆறும்போது மறுபடி ஒட்டும். அதனால் நீரோட்டம் அடைபட்டுத் தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்குழி உண்டாகி வளர்வது, வேகமாகக் கால் செயலிழப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் அந்த வழிக்குப் போவார்கள்.

மிச்சம் இருப்பது வலியை அடக்குவது, இருக்கிற பலத்தைக் காப்பது. நரம்பு வலிக்கு காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டூலோக்செடின் போன்றவை. என் கவுண்டருக்கு வந்து "டைக்ளோ ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, நரம்பு வலிக்கு அது பெரிதாகக் கேட்காது, சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். நரம்பு வலி மாத்திரைகளிலும் விஷயம் இருக்கிறது. காபாபென்டினும் பிரிகாபலினும் தலை சுற்ற வைக்கும். சமவெளியில் அது சின்னத் தொந்தரவு, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கக்கூசுக்கு ஈரப் படிக்கட்டில் பன்னிரண்டு படி இறங்க வேண்டிய இடத்தில் அது இடுப்பு எலும்பு முறிவு. அதனால் முதல் வாரம் ராத்திரி யாராவது கூடப் போக வேண்டும். இவற்றைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும், வலியைக் குறைக்கும், ஆனால் ஏற்கெனவே சிறுநீர் சரியாக இறங்காதவருக்கு இன்னும் அடைக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் இதை நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கு அடங்காதவர்களுக்குத் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி வைத்து வலிச் செய்தியைக் குழப்பும் கருவி உண்டு. பெரிய நகரங்களில் கிடைக்கிறது, பல லட்சம் ஆகும். சிலருக்கு நல்ல பலன். ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுக்கு அது வெறும் தகவல்தான்.

பிசியோதெரபி அப்படியல்ல, அது கைக்கு எட்டும். நரம்பைச் சுண்டி இழுக்காமல், மெதுவாக, தினமும். வலிக்குப் பயந்து படுத்துவிட்டால் மூட்டு இறுகி, தசை கரைந்து, வலியோடு முடக்கமும் சேரும். கீழே இறங்கி வாராவாரம் கோவைக்குப் போக யாராலும் முடியாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கற்றுத்தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். சித்திக்கு வந்த அந்தப் பெண், கொழுந்துக் கூடைக் கயிற்றையே பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சியாக மாற்றிக்கொடுத்தார்.

மலைக்கு என்றே ஓர் எச்சரிக்கை உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் குளிருக்குக் கரியடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவோம், வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுப்போம். சூடு தெரியாத கால் வெந்துபோவதும் தெரியாது. சித்தியின் குதிகாலில் ஒரு காலை கொப்புளம் இருந்தது. முந்தின ராத்திரி அடுப்போரம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், "கதகதன்னு சுகமாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தப் புண் ஆற மூன்று மாதம். இப்போது கம்பளி சாக்ஸ் மட்டும்தான். தினமும் படுக்கும் முன் பாதத்தை யாராவது பார்த்துவிடுகிறோம், ஒரே பக்கமாக ரொம்ப நேரம் படுத்துப் புண் வராமலும் பார்த்துக்கொள்கிறோம்.

சிறுநீருக்கு அவர் கற்றுக்கொண்டது தானே குழாய் விட்டு எடுக்கும் முறை, நாளைக்கு நான்கு தடவை. முதல் வாரம் அழுதார். இரண்டாவது மாதத்தில் கல்யாணத்துக்குப் போய்வந்தார். தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், கூச்சத்தை மிஞ்சிய அவசியம் இது.

மேட்டுப்பாளையம் இறங்க கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர்தான், உட்கார முடியாதவருக்கு அது நீண்ட வழி. பஸ்ஸின் நடுவில், சக்கரத்துக்கு மேல் இல்லாத சீட்டாகப் பார்த்து உட்காருவோம். காரில் போனால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி நடக்க வைப்போம்.

எம்.ஆர்.ஐ. படங்களை மழைக்காலத்தில் வெளியே வைத்தால் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஒரு பெரிய ரஸ்க் டின்னில் வைத்திருக்கிறோம். மேலே ஒரு கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், எந்த வருடம் எந்த மாதம் மூளைக்காய்ச்சல், எத்தனை மாதம் டி.பி. மாத்திரை, முதுகில் எத்தனை தடவை ஊசி, ஒவ்வொன்றும் எதற்கு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறேன். போன மாதம் போனபோது புதிதாக ஓர் இளம் டாக்டர் இருந்தார். சித்தி வழக்கம்போல "இடுப்பு வலிங்க சார்" என்று ஆரம்பித்தார். டாக்டர் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறிப் படுங்கம்மா, காலைப் பார்க்கறேன்" என்றார்.